மார்மன் மிஷனரியாகப் போகிறேன் என்கிறான் மகன், அந்த இரண்டு வருஷம் எப்படி இருக்கும்?

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு இருபது வயது. பெங்களூருக்குப் படிக்கப் போன இடத்தில் மார்மன் சபையில் சேர்ந்துவிட்டான். இப்போது இரண்டு வருஷம் மிஷனரியாகப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். காலையில் இருந்து ராத்திரி வரை அங்கே என்ன வேலை, சம்பளம் உண்டா, சோறு யார் போடுவார்கள், போன் பேச விடுவார்களா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “நாங்கள் மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. குடும்பம்” என்று முடித்திருக்கிறார். அக்கா, இத்தனை கேள்விக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. போகிற பிள்ளை என் பிள்ளையாகவே திரும்புவானா? முதலில் நீங்கள் வெளிப்படையாகக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் ஏற்காட்டுக்காரன். அப்பா காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தார். வீடு ரோமன் கத்தோலிக்கம். பெங்களூரில் வேலைக்கு இருந்தபோது இந்தச் சபையில் சேர்ந்தேன். 2009-ல் இருந்து 2011 வரை ராஜமுந்திரியிலும் விசாகப்பட்டினத்திலும் மிஷனரியாக இருந்தேன். திரும்பி வந்த பிறகு, போகத் தயாராகும் பையன்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் அந்தச் சபையில்தான் இருக்கிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். எது சபையின் விதி, எது நான் பட்டது, எது என் அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறேன்.

சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டி. மார்மன் என்பது அவர்கள் வேதமாக வைத்திருக்கும் மார்மன் புஸ்தகத்தால் ஊரார் வைத்த பெயர். அந்தப் பெயரை விட்டு முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018-ல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். ஆனாலும் நம் ஊரில் யாருக்கும் அது வாயில் வராது என்பதால் நானும் இங்கே மார்மன் என்றே எழுதுகிறேன். மிஷன் என்பது வாழ்நாள் ஊழியம் இல்லை. ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம், அதோடு முடிந்தது. ஆண்கள் 18 வயதிலேயே போகலாம் என்று 2012-ல் மாற்றினார்கள், என் காலத்தில் 19. யார் எந்த ஊருக்கு என்று சால்ட் லேக்கில் முடிவு செய்து கடிதம் அனுப்புவார்கள். பையன் ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சம்பளம் கிடையாது. இதில் சந்தேகமே வேண்டாம். மாறாக, போகிறவர்தான் தன்னால் ஆனதைப் போட வேண்டும். அமெரிக்கக் குடும்பம் என்றால் 2020 ஜூலையில் இருந்து மாதம் 500 டாலர். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அந்தத் தொகையைக் கேட்பதில்லை. வீட்டு நிலைமையைப் பார்த்து ஒரு தொகை பேசுவார்கள், மீதிக்குச் சபையின் பொது மிஷனரி நிதி இருக்கிறது. அங்கே தங்கும் வீட்டைச் சபை வாடகைக்கு எடுத்திருக்கும். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மாதா மாதம் ஒரு தொகை கையில் வரும், சமையல் அவர்களே செய்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் இருந்து எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது தப்பில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி அன்றாடம். எங்களுக்கு 6.30-க்கு எழுந்திருக்க வேண்டும், 10.30-க்கு விளக்கு அணைய வேண்டும். எழுந்ததும் அரை மணி உடற்பயிற்சி. குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் தனியாக வேதப் படிப்பு, அடுத்த ஒரு மணி கூட இருப்பவரோடு சேர்ந்து படிப்பு, அதன்பின் மொழிப் படிப்பு. எனக்கு அது தெலுங்கு. பத்து, பத்தரைக்கு வெளியே கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். 2017-க்குப் பிறகு அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள விட்டிருக்கிறார்கள், இருந்தாலும் எலும்புக்கூடு இதுதான். சினிமா இல்லை, டிவி இல்லை, காதல் இல்லை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், ஆயத்த நாள் என்று விடுவார்கள். துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, முடி வெட்டுவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான்.

துணி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது சட்டைக் காலர். ஆறு வெள்ளைச் சட்டை கொண்டு போயிருந்தேன். ராஜமுந்திரி மே மாத வெயிலில் நடந்து திரும்பினால் காலரின் உள்மடிப்பில் விரல் அகலத்துக்குப் பழுப்புக் கோடு விழுந்திருக்கும். சோப்புத் தூளில் ஊறவைத்தால் மட்டும் அது போகாது. துணி சோப்பை நேரடியாகக் காலரில் தேய்த்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நெய்த வாக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் நூல் பிரிந்துவிடும். அப்புறம் ஒரு பக்கெட் தண்ணீருக்கு இரண்டு சொட்டு நீலம், மூன்றாவது சொட்டு விழுந்தால் சட்டை வானம் ஆகிவிடும். இதெல்லாம் வீட்டில் அம்மா செய்து நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. முதல் திங்கட்கிழமை அந்தத் துவைகல் முன்னால் குந்தியிருந்தபோதுதான், இருபத்தொரு வருஷம் என் காலரை யார் தேய்த்தார்கள் என்று யோசித்தேன். மிஷனைப் பற்றிக் கூட்டங்களில் நிறைய உயர்வாகப் பேசுவார்கள். என்னை மாற்றியதில் பாதி அந்தத் துவைகல்தான் என்பது என் அபிப்பிராயம்.

மிஷனில் கஷ்டமான விஷயம் எது என்று கேட்டால் வெயிலையோ, ஊரார் முகம் திருப்புவதையோ சொல்ல மாட்டேன். கம்பானியன்தான், அதாவது ஜோடியாகக் கூட இருக்கும் மிஷனரி. இரண்டு இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. குளியலறை தவிர மற்ற நேரமெல்லாம் ஒருவர் இன்னொருவர் கண்ணிலும் காதிலும் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். யாரோடு என்பதை அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் முடிவு செய்வார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை டிரான்ஸ்பர் வரும், ஆள் மாறலாம், ஊர் மாறலாம், மாறாமலும் போகலாம். எனக்கு ஒருமுறை அமெரிக்காவின் ஐடஹோவில் இருந்து வந்த பையன் கம்பானியனாக வந்தான். உருளைக்கிழங்கு விளையும் ஊர்க்காரன். ரசம் வைத்தால் அந்த வாசனையே அவனுக்கு ஆகாது. நான் ரசம் இல்லாமல் சாப்பிட மாட்டேன். முதல் வாரம் சிரித்துக்கொண்டோம், மூன்றாவது வாரம் பேச்சே நின்றுவிட்டது. இரண்டு நாள் தெருவில் அக்கம்பக்கமாக வாய் திறக்காமல் நடந்திருக்கிறோம்.

வாரம் ஒரு முறை கம்பானியன் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் குறையை ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அன்றைக்கு ரசத்தைப் பற்றிச் சொல்லப் போகிறான் என்று தயாராக இருந்தேன். அவன் சொன்னது வேறு. “நீ வீடுகளில் தெலுங்கிலும் தமிழிலும் பேசிச் சிரிக்கிறாய், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு வார்த்தை கூட எனக்குத் திருப்பிச் சொல்வதில்லை” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. பத்தொன்பது வயசு, வீட்டை விட்டு எத்தனையோ ஆயிரம் மைல். அன்றிலிருந்து எந்த வீட்டில் பேசினாலும் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தி அவனுக்குச் சொல்லிவிட்டுத் தொடர்வேன். ரசம் கடைசி வரை அவனுக்குப் பிடிக்கவில்லை. உங்கள் மகன் வீட்டில் தனி அறையும் செல்போனுமாக வளர்ந்த பிள்ளை என்றால், அக்கா, பைபிள் அறிவைவிட இந்தப் பழக்கம்தான் அவனுக்கு முதலில் வேண்டும். கிளம்பும் முன் தம்பி தங்கையோடோ சித்தப்பா பையனோடோ ஒரே அறையில் படுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். மிஷனரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஆண் என்றால் எல்டர், பெண் என்றால் சிஸ்டர், அதற்குப் பின் குடும்பப் பெயர். சட்டைப் பையில் குத்தும் கருப்புப் பெயர்ப் பட்டையிலும் அதுதான். தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர்தான் இருந்தது. ஆக, இரண்டு வருஷமும் என் நெஞ்சில் அப்பா பெயர். காலையில் கம்பானியன் என்னை எழுப்புவதும் அப்பா பெயரைச் சொல்லித்தான். நான் போவது அப்பாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. கோரிமேட்டில் மலை பஸ் ஏறும் இடத்தில் என்னோடு பேசாமலே நின்று வழியனுப்பியவர். அவர் பெயரை நாளைக்கு நூறு முறை யார் யாரோ வாயால் கேட்டுக்கேட்டு, அந்தப் பெயருக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்கிற பயம் எனக்கு வந்துவிட்டது. உங்கள் மகன் பட்டையிலும் அவன் அப்பா பெயர் வர வாய்ப்பு அதிகம். வீட்டில் அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வெளியே போய் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். அமெரிக்கப் படங்களில் வருவதுபோல் வீடு வீடாகக் கதவு தட்டுவது எங்களுக்கு இல்லை. சபை உறுப்பினர் வீடுகளுக்குப் போவோம், அவர்கள் தெரிந்தவர் யாராவது கேட்க விரும்பினால் அவர்களோடு உட்காருவோம், சபைக்கு வராமல் நின்றுவிட்டவர்களைப் போய்ப் பார்ப்போம். முதியவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம், பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நாளில் பாதி காத்திருப்பில் போகும். ஆறு மணிக்கு வாருங்கள் என்பார்கள், போனால் பூட்டு தொங்கும். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அதில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது, பரப்புவது என்றால் தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்வது மட்டுமே என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒடிசாவில் 1967-ல் இருந்தும் மத்தியப் பிரதேசத்தில் 1968-ல் இருந்தும் மதமாற்றத் தடைச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 2002-ல் வந்தது 2004-ல் விலக்கப்பட்டது. மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், எந்த ஊருக்கு என்று கடிதம் வந்ததும் அந்த மாநிலத்துச் சட்டத்தை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பணமோ பொருளோ காட்டி யாரையும் அழைக்கக் கூடாது என்பது சட்டம் சொல்வதற்கு முன்பே நம் மனசாட்சி சொல்ல வேண்டியது.

சாப்பாட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இந்தச் சபையார் மது, புகையிலை, காபி, டீ நான்கையும் தொடுவதில்லை. 1833-ல் ஜோசப் ஸ்மித் தந்த கட்டளை. மாமிசத்துக்குத் தடை இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். காபி விஷயம் என்னைப் போன்றவனுக்குச் சாதாரணம் இல்லை. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. எங்கள் வீட்டில் சோறு போட்டதே அதுதான். மார்கழியில் வாசல் முழுக்கக் காபிக் கொட்டை காயும், பாட்டி காலால் அளைந்து அளைந்து புரட்டிவிடுவாள். அந்த வீட்டில் ஒருவன் காபி வேண்டாம் என்றால் அது சொந்த மண்ணையே வேண்டாம் என்பதுபோல் கேட்கும். ஆந்திராவில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டீ வரும். வேண்டாம் என்று வெறுமனே சொன்னால் அந்த அம்மாக்கள் முகம் வாடிவிடும். “மோர் இருந்தால் கொடுங்கள்” என்று நாமே கேட்டு வாங்க வேண்டும் என்று சீக்கிரமே கற்றுக்கொண்டேன். கேட்டுக் குடித்தால் யாரும் வருத்தப்படுவதில்லை.

போன் விஷயத்தில் உங்களுக்கு நல்ல சேதி. என் காலத்தில் வருஷத்துக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸுக்கும் மே மாத அன்னையர் தினத்துக்கும்தான் வீட்டோடு பேசலாம். மற்றபடி திங்கள்தோறும் பிரவுசிங் சென்டரில் இருந்து மின்னஞ்சல். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தங்கை ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் அச்செடுத்து வந்து வாசித்துக் காட்டுவாள். எனக்கு டைபாய்டு வந்து ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தது வீட்டுக்குத் தெரிந்தது நான் எழுந்து உட்கார்ந்து எழுதிய பிறகுதான். உடனே சொல்லியிருக்க வேண்டியவர் சொல்லவில்லை. அம்மா அதை இன்னும் மறக்கவில்லை, மறக்கச் சொல்லி நானும் கேட்டதில்லை. 2019 பிப்ரவரியில் விதியை மாற்றிவிட்டார்கள், வாரத்துக்கு ஒரு முறை வீடியோவிலேயே பேசலாம். அவன் கிளம்பும் முன்பே மிஷன் தலைவரின் எண்ணை நீங்கள் நேரடியாக வாங்கி வையுங்கள். வாரப் பேச்சில் அவன் முகத்தைப் பாருங்கள். முதல் ஆறு வாரம் அழுவது இயல்பு. மூன்று நான்கு மாதம் ஆகியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது ஏக்கம் அல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

பாதியில் திரும்பி வரலாமா என்றால், வரலாம். கட்டிப்போடுவது கிடையாது. உடம்பு முடியாமலும் மனசு தாங்காமலும் வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் வந்த பிறகு சபையில் சிலர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது அந்தப் பிள்ளைகளை ரொம்பக் காயப்படுத்துகிறது. எட்டாவது மாதம் திரும்பிய ஒரு பையன் ஒரு வருஷம் ஆராதனைக்கே வராமல் இருந்ததை நான் பார்த்தேன். இதில் என் சபையார் மாற வேண்டும் என்று நான் அங்கேயும் சொல்லி வருகிறேன். “எப்போது வேண்டுமானாலும் வா, கதவு திறந்திருக்கும்” என்று அவனிடம் ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் சொன்னால் அதுவே அவனைப் பிடித்து இழுக்கும்.

சி.எஸ்.ஐ. குடும்பம் என்று நீங்கள் எழுதியதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். மார்மன்கள் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்கிறார்கள், நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தைப் பற்றிய போதனையில் மற்றச் சபைகளோடு பெரிய வேறுபாடு இருக்கிறது, அதை மூடி மறைக்கக் கூடாது. மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001-ல் அறிவித்தது. கத்தோலிக்கரான என் பாட்டிக்கு அதைச் சொன்னபோது, “நீ ஜெபம் பண்றியா இல்லையா, அதை மட்டும் சொல்” என்று கேட்டாள். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பாட்டி இருப்பாள் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் ஆயரிடமும் பேசுங்கள், மகனையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். அவன் பதில் சொல்லத் திணறினால் கிளம்புவதை ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்வதில் தவறில்லை. 25 வயது வரை போகலாம், அவசரம் ஒன்றும் இல்லை. டிகிரி முடியவில்லை என்றால் முடித்துவிட்டுப் போவதே மேல் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அரியரை வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து பாடத்திட்டம் மாறி அவதிப்பட்டவர்கள் உண்டு.

சரி, என் பிள்ளையாகவே திரும்புவானா? சாமான் தூக்குவான், சமைப்பான், விடியலில் எழுந்திருப்பான், அந்நியர் முன் கூச்சமில்லாமல் பேசுவான். இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், நான் பார்த்த எல்லாரிடமும் இது நடந்தது. நம்பிக்கை கூடுமா குறையுமா என்பது அப்படி இல்லை. கூடிவந்தவர்களும் உண்டு, இரண்டு வருஷமும் முடித்து வந்து மெல்ல விலகியவர்களும் உண்டு. வீட்டோடு ஒட்டுவானா என்பது வீட்டையும் பொறுத்தது. 2011-ல் நான் திரும்பியபோது மலையில் காபி பூத்திருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி பஸ் மேலே வந்தபோது மல்லிகை போல அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது. வீட்டில் அம்மா டம்ளரை நீட்டினாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, “குடி, இது சுக்கு மல்லிக் காபி. பேருதான் காபி, கொட்டை ஒண்ணுகூட இல்ல” என்றாள். சுக்கு, கொத்தமல்லி விதை, மிளகு, பனங்கருப்பட்டி. நான் வரும் தேதி தெரிந்ததும் இடித்து வைத்திருக்கிறாள். பேசாமல் வழியனுப்பிய அப்பாவும் அன்றைக்கு அதே சட்டியில் இருந்துதான் ஊற்றிக் குடித்தார்.

பெட்டியில் வைக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சட்டை எட்டு, கலப்பு நூல் வேண்டாம், பருத்திதான் வேர்வைக்குத் தாங்கும். நடந்து தேய்ந்தாலும் அடி மாற்றக்கூடிய கருப்பு ஷூ இரண்டு ஜோடி, அளவு அரை எண் பெரிதாக. மருந்துச் சீட்டுகளின் நகல். ஒரு சின்ன பாட்டில் நீலம். சுக்கு மல்லிப் பொடி அரைக் கிலோ, ஈரம் படாத டப்பாவில். அவன் கம்பானியன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அதைக் குடிப்பான், ரசம் மாதிரி தகராறு வராது.